ஞாயிறு வகுப்பும் கைபேசியும்

(நாகபுரியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

வகுப்பறையில் சமூக ஊடகங்களைக் கல்விக் கருவியாகப் பயன்படுத்துவது எங்ஙனம் என்பதே இன்று எங்களுக்குக் கொடுக்கப்பட்டுள்ள பொருள். இதனைப் பற்றிப் பேசுதற்குக் கல்வித் துறையில் பட்டம் பெற்ற அறிஞர் பலர் உளர். சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பை நடத்தி வரும் எங்களில் ஒருவரும் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர். பார்சலுக்கு இரசீது எழுதுவதும், சரக்குக் கணக்கைச் சரிபார்ப்பதுமே எங்கள் தொழில். மெட்ரிகுலேஷன் தேறிய கையோடு இரயில்வேயில் சேர்ந்து, மாற்றலாகி இவ்வூர் வந்து, இங்கேயே வேரூன்றியவர்கள் நாங்கள். ஆயினும், வாரந்தோறும் பிள்ளைகளோடு அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கச் செய்யும்போது கண்ணால் கண்டதையும் கையால் செய்ததையும் எடுத்துரைக்கலாம் என்னும் துணிவினால் இங்கு நிற்கின்றோம்.

இப்பொருள் இவ்வாண்டு விழாவில் பேசப்படுவதற்குக் காரணமும் உண்டு. "பாடமெல்லாம் யூடியூபில் கிடைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தைத் திறந்து வைத்து வகுப்பு நடத்துவது எதற்கு? அவரவர் வீட்டிலேயே பிள்ளைகள் பார்த்துக் கற்கட்டுமே" என்று ஒரு சாரார் கேட்கின்றனர். "கைபேசியே பிள்ளைகளைக் கெடுப்பது, அதனை வகுப்பின் பக்கம் அண்ட விடுவது தகாது" என்று மறு சாரார் கூறுகின்றனர். வரும் மாதம் செயற்குழு கூடி இதனை முடிவு செய்ய இருக்கின்றது. இரு சாராரும் நம் பிள்ளைகளின் நன்மையைக் கருதியே பேசுகின்றனர். அதில் எள்ளளவும் ஐயமில்லை. முடிவு எதுவாயினும், அதற்கு முன் சில உண்மைகளைச் சங்கத்தார் முன் வைக்க வேண்டியது எங்கள் கடமை.

முதலில், நம் பிள்ளைகளின் நிலை யாது? அவர்கள் தமிழ் பேசுகின்றனர். தாயோடும் பாட்டியோடும் பேசுகின்றனர். கோபம் வந்தால் நன்றாகவே பேசுகின்றனர். ஆனால் படிப்பு மராத்தியிலோ, இந்தியிலோ, ஆங்கிலத்திலோ நடக்கின்றது. கோடை விடுமுறைக்கு இங்கிருந்து ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் கடந்து சென்னை சென்ட்ரலில் இறங்குகின்றோம். தமிழகத்து நிலையங்களின் பெயர்ப் பலகையில் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் தமிழ் வரியைத் தாண்டி, இந்தி வரியைப் படித்து ஊர்ப்பெயரைச் சொல்லுகின்றனர். சொந்த ஊரின் பெயரைச் சொந்த எழுத்தில் படிக்க இயலாத பிள்ளையை நாம் வளர்த்துக் கொண்டிருக்கின்றோம். இக்குறையை நீக்குவதற்காகவே ஞாயிறு வகுப்பு ஏற்பட்டது. வாரத்தில் ஒன்றரை மணி நேரம் கற்றதை எஞ்சிய ஆறு நாட்களில் பிள்ளை மறந்துவிடுகின்றது. அந்த ஆறு நாட்களை என் செய்வது என்பதே எங்கள் முன் நின்ற கேள்வி.

புதிய கருவியைக் கொண்டு கற்பிக்கும் முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஓராண்டு காலம், அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி வழியே பாடம் அனுப்பினார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும், மாலையில் ஊர் மக்களுக்கும் நிகழ்ச்சிகள் நடந்தன. 2004-ஆம் ஆண்டில் கல்விக்கென்றே எடுசாட் என்னும் செயற்கைக்கோளை நம் நாடே ஏவியது. 2019-ஆம் ஆண்டில் தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. இவையெல்லாம் போற்றத்தக்க முயற்சிகள். ஆயினும் தொலைக்காட்சி ஒன்றுக்கு ஓர் இயல்பு உண்டு. அது பேசும், கேட்காது. பிள்ளைக்குப் புரிந்ததா, பிள்ளை உறங்கிவிட்டதா என்று அறிய அதற்கு வழியில்லை.

நம் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகின்றோம். ஒற்றைப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கிடையே வண்டி எப்படிப் போகின்றது? முன் சென்ற வண்டி பத்திரமாக வந்து சேர்ந்தது என்று அடுத்த நிலையத்தார் தெரிவித்து, 'லைன் கிளியர்' கொடுத்த பிறகே இந்த நிலையத்தார் அடுத்த வண்டியை அனுப்புகின்றனர். பதில் வாராமல் வண்டியை விட்டால் என்ன நேரும் என்பது இக்காலனியின் சிறுவர்க்கும் தெரியும். பாடமும் அத்தகையதே. சென்ற பாடம் பிள்ளையின் மனத்தில் சேர்ந்தது என்னும் பதில் வரும் வரையில் அடுத்த பாடம் புறப்படலாகாது. சமூக ஊடகத்தின் தனிச் சிறப்பு இதுதான். அதில் பதில் வரும். பாடம் அனுப்புவதற்கு அதனைப் பயன்படுத்துவோர் பலர். பதில் வாங்குவதற்குப் பயன்படுத்துவோர் சிலரே. அதன் பயன் முழுவதும் அந்தப் பதிலில்தான் இருக்கின்றது என்பதே இன்று நாங்கள் கூற வந்த செய்தி.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பிரயாணிகள் வண்டிகள் நின்றன, பள்ளிகள் மூடப்பட்டன. மருந்தும் உணவுப் பொருளும் ஏற்றிய பார்சல் சிறப்பு வண்டிகள் ஓடின. அந்நாட்களில் நாடெங்கும் ஆசிரியர்கள், பயிற்சியோ முன்னேற்பாடோ இன்றி, வாட்ஸ்அப் குழுக்களில் பாடம் நடத்தத் தொடங்கினர். கரும்பலகையைப் படம் எடுத்து அனுப்பியோரும், குரலைப் பதிந்து அனுப்பியோரும், பிள்ளைகள் எழுதிய பக்கங்களைக் கைபேசியிலேயே திருத்தியோரும் பலர். 2009-இல் தோன்றிய வாட்ஸ்அப் உறவினர் நலம் விசாரிப்பதற்கென்று இருந்தது. ஒரே மாதத்தில் அது வகுப்பறையாகிவிட்டது. கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அந்த வகுப்பறைக்கு வெளியே நின்றனர் என்பதும் அதே காலத்தில் நாம் கண்ட உண்மை.

கருவி நல்ல கையில் சேர்ந்தால் என்ன செய்யும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. சோலாப்பூர் மாவட்டத்துப் பரிதேவாடி என்னும் சிற்றூரில், ஜில்லா பரிஷத் பள்ளியில் 2009-இல் ஆசிரியராகச் சேர்ந்தவர் ரஞ்சித்சிங் டிசலே அவர்கள். அங்குள்ள பிள்ளைகளின் வீட்டு மொழி கன்னடம். பாடநூலோ அவர்களுக்கு விளங்காத மொழியில் இருந்தது. அவ்வாசிரியர் கன்னடம் கற்றார். பாடங்களைப் பிள்ளைகளின் மொழியில் பெயர்த்தார். கைபேசியைக் காட்டினால் பாட்டும் கதையும் பாடமும் வருமாறு புத்தகத்தில் கட்டம் கட்டமான க்யூஆர் குறிகளைப் பதித்தார். 2017-ஆம் ஆண்டில் மாநிலப் பாடநூல்கள் அனைத்திலும் அக்குறிகள் இடம்பெறும் என்று மகாராஷ்டிர அரசு அறிவித்தது. 2020-இல் அவருக்கு உலக ஆசிரியர் பரிசு கிடைத்தது. பரிசுத் தொகையில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பகிர்ந்தளித்தார். இவ்வரலாற்றில் நாம் நோக்க வேண்டியது யாதெனின், அவர் முதலில் செய்தது கைபேசியைத் திறந்தது அன்று. பிள்ளையின் வீட்டு மொழியைக் கற்றதே. பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்று அறிந்த பின்னரே கருவி அவருக்குத் துணை செய்தது.

இனி, நம் ஞாயிறு வகுப்பில் நடப்பதைக் கூறுகின்றோம். வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் மட்டும் அடங்கிய ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கின்றது. ஞாயிறு வகுப்பில் நடந்த பாடத்தை ஒட்டி, வாரத்தில் இரண்டு நாட்கள், மாலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை அது திறந்திருக்கும். ஒரு நாள் காதுக்கும் வாய்க்கும் வேலை. மற்றொரு நாள் கைக்கும் கண்ணுக்கும் வேலை.

காதுக்கும் வாய்க்கும் உரிய நாளில் ஒரு கேள்வி கேட்கப்படும். ஒரு முறை, வீடு பெருக்கும் பொருளின் படத்தை அனுப்பி, "இதற்கு உங்கள் வீட்டில் என்ன பெயர்? ஊரில் உள்ள தாத்தா பாட்டியைக் கேட்டு, அவர்கள் குரலிலேயே பதில் வாங்கி அனுப்புங்கள்" என்றோம். தஞ்சாவூர்ப் பாட்டி 'துடைப்பம்' என்றார். மதுரைத் தாத்தா 'விளக்குமாறு' என்றார். திருநெல்வேலியிலிருந்து 'வாரியல்' என்று வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து 'சீமாறு' என்று வந்தது. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. அடுத்த ஞாயிறு நான்கு சொற்களையும் பலகையில் எழுதிப் படிக்கச் செய்தோம். ஒரே காலனியில் அடுத்தடுத்த குவார்ட்டர்சில் வாழும் நாம் எத்தனை ஊர்த் தமிழைச் சுமந்து வந்திருக்கின்றோம் என்பது பிள்ளைகளோடு சேர்ந்து எங்களுக்கும் அன்று விளங்கியது. புத்தகம் ஒரு சொல்லைத்தான் கொடுத்திருக்கும். மற்ற மூன்றையும் கொடுக்கப் பாட்டிமார் வேண்டும். அவர்களை வகுப்பிற்குள் அழைத்து வரும் வண்டியாகக் கைபேசி அமைந்தது.

கைக்கும் கண்ணுக்கும் உரிய நாளில், பிள்ளை தாளில் கையால் எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். இதனை நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கைபேசி வந்த பின்னர் எழுதத் தெரியாமலே செய்தி அனுப்ப வழி பிறந்துவிட்டது. குரலைப் பதிந்து அனுப்பலாம். அல்லது தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பலாம். ஆங்கில எழுத்தில் 'மனம்' என்பதும் 'மணம்' என்பதும் ஒரே வடிவமாகிவிடுகின்றன. 'பல்லி'யும் 'பள்ளி'யும் ஒன்றாகின்றன. 'கரி'யும் 'கறி'யும் ஒன்றாகின்றன. பெரியவர்களாகிய நமக்கு இடம் நோக்கிப் பொருள் புரிகின்றது. ஏனெனில் நாம் முன்பே தமிழில் எழுதப் பழகியவர்கள். பிள்ளைக்கோ அவ்வேறுபாடு இருப்பதே தெரியாமற் போகின்றது. ஊரில் இருக்கும் பாட்டிக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. ஆகவே பேரன் தட்டி அனுப்பிய தமிழை அவரால் படிக்கவும் இயலாது.

நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு நன்மையும் இருக்கின்றது. ளகர ஒலிக்கு மராத்தியில் தனி எழுத்து உண்டு. பள்ளிக்கூடத்தை மராத்தியில் 'ஷாளா' என்கின்றோம். "ஷாளாவில் வரும் ள, பள்ளியில் வரும் ள" என்று ஒருமுறை சொன்னால் போதும், பிள்ளை மறப்பதில்லை. இங்குள்ள மொழி நம் மொழிக்குப் பகையன்று. கற்பிக்கத் தெரிந்தால் அதுவே படிக்கட்டாகும். ழகரம் ஒன்றே எஞ்சி நிற்கின்றது. அதற்குப் பிள்ளைகளின் குரலைப் பதிந்து திரும்பத் திரும்பக் கேட்கச் செய்கின்றோம். தன் குரலைத் தானே கேட்கும்போது பிள்ளை தன் பிழையைத் தானே கண்டுகொள்கின்றது. கரும்பலகை இதனைச் செய்ய இயலாது.

கையெழுத்துப் பாடத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறாமல் இருக்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை, திருநெல்வேலிச் சீமையில் இருக்கும் தன் பாட்டிக்கு அரைப் பக்கம் கடிதம் எழுதினாள். அதன் படம் பாட்டியின் வீட்டிற்குப் போயிற்று. மறுநாள் பாட்டியின் குரல் வந்தது: "ஏட்டி, ஒன் எழுத்து அப்படியே ஒங்க தாத்தா எழுத்து மாதிரி சாஞ்சு கெடக்கு. படம் வேண்டாம், அந்தத் தாளையே தபால்ல அனுப்பி வை." அக்குழந்தை தன் தாத்தாவைக் கண்டதில்லை. தன் கையில் அவர் கை இருக்கின்றது என்று அன்று அறிந்தாள். தாள் தபாலில் போயிற்று. அதன் பின் அவள் எழுத்தில் காட்டும் அக்கறையை எந்தப் பிரம்பினாலும் உண்டாக்கியிருக்க முடியாது. குரல் செய்தி அனுப்பியிருந்தால் பாட்டி மகிழ்ந்திருப்பார். ஆயினும் இச்செய்தி அதில் போய்ச் சேர்ந்திராது.

இதுகாறும் நன்மைகளைக் கூறினோம். தீமைகளையும் மறைக்காமல் கூற வேண்டும்.

முதலாவது, அவமானம். ஒரு பையன் 'மரத்தில் குருவி' என்று எழுத வேண்டிய இடத்தில் வல்லின றகரம் இட்டு எழுதிய பக்கம் குழுவில் வந்தது. பெரியவர் ஒருவர் விளையாட்டாக ஒரு சிரிப்புப் படத்தை இட்டார். தொடர்ந்து ஏழெட்டுச் சிரிப்புப் படங்கள் விழுந்தன. பையன் இரண்டு ஞாயிறு வகுப்பிற்கு வரவில்லை. மூன்றாம் ஞாயிறு அவன் தாயார் கையைப் பிடித்து அழைத்து வந்தார். "தம்பி, நீ எழுதிய 'மறம்' என்பதும் தமிழ்ச் சொல்தான், வீரம் என்று பொருள். சொல் நல்ல சொல், இடந்தான் மாறிப் போயிற்று" என்று கூறி அமர்த்தினோம். சிலேட்டில் எழுதிய பிழையை ஈரத் துணி அழித்துவிடும். குழுவில் விழுந்த பிழை இருபது வீட்டுக் கைபேசிகளில் தங்கிவிடும். அன்று முதல் பாராட்டுக் குழுவில், திருத்தம் நேரில் என்பது வகுப்பின் விதி. சிரிப்புப் படத்திற்கு இடமில்லை.

இரண்டாவது, பொய்ச் செய்தி. உலகத்திலேயே சிறந்தது நம் தேசிய கீதம் என்று யுனெஸ்கோ அறிவித்ததாக ஒரு செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றி வருகின்றது. யுனெஸ்கோ அத்தகைய அறிவிப்பு எதுவும் செய்ததில்லை. நம் கீதத்தின் பெருமைக்கு அப்பொய் வேண்டியதும் இல்லை. இத்தகைய செய்திகளின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்த, ஒரு முறைக்கு ஐந்து இடங்களுக்கு மேல் ஒன்றை முன்னனுப்ப இயலாதவாறு 2018-ஆம் ஆண்டில் இந்தியாவில் வாட்ஸ்அப் வரம்பு கட்டியது. ஆயினும் வரம்பு கட்ட வேண்டிய இடம் நம் உள்ளம். பார்சல் அலுவலகத்தில் ஒரு மூட்டை வந்தால் என்ன செய்கின்றோம்? அனுப்புவோர் பெயர், பெறுவோர் பெயர், சேருமிடம், உள்ளிருக்கும் பொருள் ஆகியவற்றைக் கேட்கின்றோம். பெயரும் முகவரியும் அற்ற மூட்டையை எடைத் தட்டில் ஏற்றுவதில்லை. வந்த செய்தியை யார் சொன்னார், எங்கே சொன்னார், எப்போது சொன்னார் என்று கேட்டுப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பழக்குகின்றோம். மாதத்திற்கு ஒரு செய்தியை எடுத்து இவ்வாறு சோதிப்பதும் எங்கள் பாடங்களுள் ஒன்று. பிள்ளைகள் தந்தையரின் செய்திகளையே சோதிக்கத் தொடங்கிவிட்டனர் என்று சிலர் குறைபட்டுக் கொண்டனர். அக்குறையை நாங்கள் பாராட்டாகவே கொண்டோம்.

மூன்றாவது, வயதும் காப்பும். வாட்ஸ்அப் பயன்படுத்துவதற்கு அந்நிறுவனமே பதின்மூன்று வயதை எல்லையாக வைத்துள்ளது. நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதோரைச் சிறார் என வகுத்து, அவர்களுடைய தகவல்களைக் கையாளுவதற்குப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கின்றது. பதினாறு வயது நிரம்பாதோர் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்னும் சட்டத்தை ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. ஆதலின், நம் குழுவில் இருப்பவை பெற்றோரின் எண்களே. பிள்ளையின் எண் ஒன்றும் இல்லை. எழுதிய பக்கத்தின் படம் வரலாம். பிள்ளையின் முகம் வரலாகாது. குழுவில் தாய்மாரின் எண்கள் எல்லோர் கண்ணிலும் படுமாதலால், காலனிக்கு வெளியே உள்ள எவரையும் சேர்ப்பதில்லை. ஊரில் உள்ள தாத்தா பாட்டியரின் குரலும் பெற்றோர் வழியாகவே வருகின்றது.

நான்காவது, ஏற்றத்தாழ்வு. இதுவே எல்லாவற்றிலும் பெரிது. காலனியில் பல வீடுகளில் நல்ல கைபேசி ஒன்றே. அது தந்தையின் சட்டைப் பையில் இருக்கின்றது. லோகோ பைலட்டாக இருக்கும் தந்தை வண்டி ஓட்டும்போது கைபேசியை அணைத்து வைத்தாக வேண்டும். அவர் வீடு திரும்ப இரண்டு நாட்களும் ஆகலாம். பாதையைக் காக்கும் தொழிலாளியின் வீட்டில் கைபேசி இருந்தும் அதில் பணம் போட்டிருப்பதில்லை. அவ்வீட்டுப் பிள்ளை பின்தங்கிவிட்டால் நாம் தமிழ் வளர்த்தவர் ஆகோம். ஆகவே குழுவில் அனுப்பும் ஒவ்வொரு பயிற்சியும் ஞாயிறு வகுப்பிலேயே தாளில் அச்சிட்டுக் கொடுக்கப்படுகின்றது. குழுவில் மட்டும் கிடைக்கும் பாடம் என்று ஒன்று நம் வகுப்பில் இல்லை. கைபேசி இல்லாத பிள்ளை அடுத்த ஞாயிறு தன் தாளை நேரில் கொண்டு வந்து காட்டும். அதற்கும் அதே மதிப்பு.

இப்போது இரு சாரார்க்கும் மறுமொழி கூறுகின்றோம்.

யூடியூப் போதும் என்போரை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம். இன்று உலகறிந்த கான் அகாடமியின் தொடக்கம் யாது? 2004-ஆம் ஆண்டில் சல்மான் கான் என்பவர், வேறோர் ஊரிலிருந்த உறவுத் தங்கைக்கு அளவைக் கணக்கில் இருந்த தடுமாற்றத்தைப் போக்கத் தொலைவிலிருந்தே கற்பித்தார். படங்களை யூடியூபில் இட்டது அதற்குப் பின்னர், 2006-இல். ஒரு பிள்ளையின் ஒரு குறையை ஒருவர் கேட்டறிந்ததிலிருந்து அது பிறந்தது. கேட்பார் இல்லாத வீட்டில் எத்தனை படம் ஓடினாலும் அது ஓசையாகவே போய்விடும். ஒரு படம் முடிந்தவுடன் மற்றொன்று தானே தொடங்கும். உயிரெழுத்தில் தொடங்கிய பிள்ளை அரை மணி நேரத்தில் எங்கே இருக்கும் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். கல்வியில் தொழில்நுட்பத்தின் இடம் பற்றி 2023-இல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கையும், ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் நேரில் உள்ள தொடர்பின் இடத்தில் கருவி அமரக் கூடாது என்றே வற்புறுத்துகின்றது.

கைபேசியே வேண்டா என்போர்க்கும் ஒன்று கூறுகின்றோம். வகுப்பிற்குள் விடாவிட்டாலும் அது வீட்டிற்குள் வந்துவிட்டது. அதனைத் தமிழுக்கு வேலை செய்யும் ஆளாக வைத்துக்கொள்வதா, தமிழைத் தள்ளிவிட்டு அமரும் விருந்தாளியாக விட்டுவைப்பதா என்பதே நம் முன் உள்ள கேள்வி. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிறுவனம், தாயகத்திற்கு வெளியே வாழும் நம் போன்றோர்க்காகவே பாடங்களையும் மின்னூலகத்தையும் திறந்து வைத்திருக்கின்றது. கதவைச் சாத்திவிட்டால் அவையும் வெளியே நின்றுவிடும்.

ஆதலின் சங்கத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் மூன்று. முதலாவது, ஞாயிறு வகுப்பிற்கு மண்டபம் இப்போது போலவே தொடர்ந்து கிடைக்க வேண்டும். குழுவிற்கு உயிர் கொடுப்பது அந்த ஒன்றரை மணி நேரமே. வகுப்பு நின்றால் குழு காலை வணக்கப் படங்களின் கிடங்காகிவிடும். இரண்டாவது, பயிற்சித் தாள்களை அச்சிடும் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும். மாதத்திற்கு ஒரு சிறு தொகைதான்; கைபேசி இல்லாத பிள்ளைகளை வகுப்போடு கட்டி வைக்கும் கயிறு அது. மூன்றாவது, யூடியூபில் தேர்ந்தெடுத்த படங்களை மண்டபத்தில் உள்ள தொலைக்காட்சியில் எல்லோரும் சேர்ந்து பார்க்க அனுமதி வேண்டும். ஒரு படம் பார்த்தால், நிறுத்தி, கேள்வி கேட்டு, நான்கு வரி எழுதச் செய்து முடிப்போம்.

குடும்பத்தார்க்கும் ஒரு வார்த்தை. வாரத்தில் இரண்டு நாட்கள், ஒரு மணி நேரம், கைபேசியைப் பிள்ளைக்குக் கொடுத்து அருகில் அமருங்கள். ஊரில் இருக்கும் முதியோரிடமிருந்து வாரம் ஒரு சொல்லை, ஒரு பழமொழியை, ஒரு கதையைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். அவர்கள் குரல் இன்று கிடைக்கின்றது. என்றும் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. வாரம் ஒரு பக்கமேனும் பிள்ளை கையால் தமிழ் எழுதுவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் நாங்கள் திருத்துகின்றோம். சிரிக்காமல் இருப்பது மட்டும் உங்கள் பொறுப்பு.

பாதையை இட்டவர்கள் ஒருவர். வண்டியைச் செய்தவர்கள் வேறொருவர். கொடி அசைத்து அனுப்பும் பொறுப்பு நம்முடையது. வரும் கோடையில் நம் பிள்ளைகள் சென்னை சென்ட்ரலில் இறங்கும்போது பெயர்ப் பலகையின் முதல் வரியையே படித்துச் சொல்வார்களாக. அவர்களுக்கு அத்திறன் உண்டு என்பதை வாரந்தோறும் கண்டு வருகின்றோம். அதற்கு வேண்டிய இடத்தையும் காலத்தையும் கொடுப்பது சங்கத்தின் கையில் இருக்கின்றது.

 வாழ்க தமிழ்!